அப்பா வரும் பக்கம்

"ஏதாச்சும் வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. திருக்கழுக்குன்றம் தாண்டினதும் போன் பண்ணி, அத்த வுட்டுட்டேன், இத்த வுட்டுட்டேன்னு புலம்பக் கூடாது."

"ஒண்ணும் வேணாங்க. நீங்க வேளைக்குச் சாப்பிட்டா போதும்."

வளைகாப்பு முடிந்து, இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்கள் குலுங்க ஜோதிலட்சுமி தாய் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று நடந்த பேச்சு அது. மறைமலைநகரில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் அப்பாவின் வேன் நின்றிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கலையரசன் நின்றிருந்தான். அவன் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்தபோது 'நீங்களும் வாங்களேன்' என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் முன் சீட்டில் அம்மா. பின் சீட்டில் தாம்பாளங்களை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு அத்தைகள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறவள் புருஷனையும் கூட வா என்று கூப்பிட்டால் அந்த அத்தைகள் வருஷம் முழுக்கச் சிரிக்க மாட்டார்களா? வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

அதன் பிறகு பெண் பிறந்தாள், யாழ்மொழி என்று பேர் வைத்தார்கள். விழுங்கிய வார்த்தை மட்டும் ஜோதியின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கலையரசன் அவள் தாய் வீடு இருந்த சதுரங்கப்பட்டினத்துக்குப் பைக்கில் வருவான். சாயங்காலம் கிளம்பும்போது மறக்காமல், "ஏதாச்சும் வேணுமா?" என்பான். "ஒண்ணும் வேணாம்" என்பாள் அவள்.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் சீரோடு கொண்டுபோய் விடுவதாக அம்மா ஞானம்பாள் முடிவு செய்திருந்தாள். கலையரசனுக்குத் தாய் இல்லை. அவன் ஷிப்டுக்குப் போய்விட்டால் பச்சைக் குழந்தையோடு மகள் தனியாக என்ன செய்வாள் என்பது அம்மாவின் கவலை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறு நாள் பிரிவைப் போன்தான் தாங்கியது. ஜோதியின் போன் பழசு. சார்ஜ் நிற்காது, எப்போதும் வயரோடுதான் இருக்கும். அறையில் இருந்ததோ ஒரே ஒரு பிளக் பாயின்ட். தரையில் மெத்தை போட்டு, இடது பக்கம் சுவர் வரும்படி குழந்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். வலது பக்கம் ஜோதியின் பாய், அதைத் தாண்டி பீரோ, பீரோவுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட். அதன் கீழே ஒரு பவுடர் டப்பா மேல் சாய்ந்து நிற்கும் போன். ஷிப்டு முடிந்து வந்ததும் கலையரசன் அதில் தோன்றுவான். பேசி முடித்த பிறகும் வைக்க மாட்டான். போனைச் சமையல் மேடையில் நிறுத்திவிட்டு வெங்காயம் நறுக்குவான். துணி மடிப்பான். நடுநடுவே, "யாழு குட்டி, அப்பா இன்னிக்கு இன்னா குழம்பு தெரியுமா?" என்று கேட்பான். குரல் வந்த பக்கம் கழுத்தைத் திருப்பி, கண்ணை அகல விரித்துக் குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கும். அப்படியே தூங்கியும் போகும்.

இந்த ஊரில் எத்தனை புருஷன்மார் இப்படிக் குழந்தையோடு பேசுகிறார்கள் என்று நினைக்கும்போது ஜோதிக்குப் பெருமை தாங்காது.

ஒரு நாள் குளிப்பாட்டித் துவட்டும்போதுதான் கைக்கு அது தட்டுப்பட்டது. பின்தலையில், வலது பக்கம், உருண்டையாக இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. மேலிருந்து பார்த்தால் வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி நின்றது.

"அம்மா, இங்க தொட்டுப் பாரேன்."

ஞானம்பாள் தொட்டாள். "கொயந்த தலைன்னா அப்படித்தான் கீது. மெத்தையில படுத்து படுத்து அமுங்கிக்கும். எல்லாம் தானா ரவுண்டாயிடும்டி."

தானாக ஆகும் என்று சொன்னவள் அன்று மத்தியானமே பழைய வாயல் புடவையைக் கிழித்து, கடுகு நிரப்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தலையணை தைத்துக் குழந்தையின் தலைக்கு அடியில் வைத்தாள். அம்மாவுக்கும் உள்ளூர பயம்தான் என்று ஜோதிக்குப் புரிந்தது.

போனில் அவள் கலையரசனிடம் சொல்லவில்லை. போனில் முகம்தான் தெரியும், பின்தலை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். பார்த்தால் என்ன சொல்வானோ? நாள் முழுக்கக் குழந்தையோடு இருக்கிறவள் நீதானே, கவனிக்க வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்? அதை நினைத்து அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு வந்தது. கலையரசனும் வந்தான். அந்த வீட்டில் மாப்பிள்ளை மரியாதை என்றால் மரியாதை. கூடத்தில் அவனுக்கென்று ஒரு நாற்காலி, அதன் தலைக்கு நேரே காற்றாடி, கையில் காபி. குழந்தையைக் கொண்டுவந்து தாம்பாளம் நீட்டுவதுபோல நீட்டுவார்கள். அவன் கொஞ்ச நேரம் வைத்திருப்பான். அது சிணுங்கினால், "குடுங்க மாப்ள, ஒங்களுக்கு எதுக்கு செரமம்" என்று ஞானம்பாள் வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

அன்று ஜோதி அவனை அறைக்குள் கூப்பிட்டாள். குழந்தையின் தலையை மெல்லத் திருப்பிக் காட்டினாள்.

கலையரசன் தொழிற்சாலையில் இரும்பு வளையங்களின் வட்டம் சரியாக இருக்கிறதா என்று சோதித்து அனுப்புகிறவன். ஒரு பார்வை போதுமாக இருந்தது. அவன் முகம் சுருங்கியது.

"எப்படி ஜோதி கண்டுபுடிச்ச?" என்றான். "தினம் பாக்கறேன், எனக்கு ஒண்ணுமே தெரியலையே. நல்ல வேளை, நீ பாத்த."

அவ்வளவுதான். வாரம் முழுக்க நெஞ்சில் கிடந்த கல்லை அவன் சாதாரணமாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டான். ஜோதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அந்தப் பக்கமே படுக்காம இந்தப் பக்கமும் திரும்புறாளா பாக்கலாம்" என்று சொல்லி, சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் இருந்த சந்தில் நெருக்கி உட்கார்ந்தான். இடது காதருகே குனிந்து, "யாழு குட்டீ" என்றான்.

குழந்தை பொக்கை வாய் நிறையச் சிரித்தது. கால்களை உதைத்துக்கொண்டது. அப்பாவைப் பார்க்க ஆவலாகக் கழுத்தைத் திருப்பியது. வலது பக்கம். பீரோ பக்கம். பிளக் பாயின்டின் கீழே, போன் இல்லாத வெறும் பவுடர் டப்பா இருந்த பக்கம்.

"யாழு, அப்பா இங்க கீறேன்டா."

குரல் கேட்கக் கேட்க அது இன்னும் வலது பக்கமாகவே எக்கித் தேடியது. ஆளைக் காணோமே என்பதுபோல உதடு பிதுங்கியது.

ஜோதியும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னைத்தான் தேடறா" என்றான் அவன். "நான் அங்கதான் இருப்பேன்னு நெனைச்சுகினு கீறா."

மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்து அவனே செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனான். குழந்தை டாக்டர் நிதானமான பெண்மணி. தலையை மேலிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்தார். உச்சிக்குழியைத் தடவினார். எலும்புகள் சேரும் இடங்களை விரலால் நீவினார். கழுத்தை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பி, எங்கேயாவது இறுக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"பயப்படாதீங்க. மூளைக்கு ஒண்ணும் இல்லை. எலும்பு இன்னும் இளசா இருக்கு. ஒரே பக்கம் பார்த்துப் படுத்ததால அமுங்கியிருக்கு. கழுத்தும் நல்லாத்தான் திரும்புது. சீக்கிரமே வந்துட்டீங்க, அது நல்லது."

கூட வந்திருந்த அப்பா காசிநாதன் மெதுவாகக் கேட்டார். "நம்ம வேன்ல வர்ற கல்பாக்கம் ஆபீசர் ஒருத்தர் சொன்னாரு மேடம். இதுக்கு ஹெல்மெட்டு போடணுமாமே? எங்க மாப்ளையே மெயின் ரோடு வந்தாத்தான் ஹெல்மெட் போடுவாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் ரொம்ப அதிகமா இருந்தா, பெரிய டாக்டருங்க பார்த்துச் சொல்வாங்க. இப்போ அதுக்கு அவசியமே இல்லை. தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும், அதை மட்டும் மாத்தவே கூடாது. தலையணை வேணாம், கடுகுத் தலையணையும் வேணாம். முழிச்சிருக்கும்போது குப்புறப் போடுங்க. முதல்ல கொஞ்ச நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. பக்கத்துல ஆள் முழிச்சிருக்கணும். நிறைய தூக்கி வெச்சுக்குங்க. பால் குடுக்கும்போது கை மாத்துங்க. வெளிச்சம், விளையாட்டு, பேச்சு எல்லாம் இடது பக்கத்துல இருந்து வரட்டும். தலைமாட்டைக் கால்மாடா மாத்திப் போட்டீங்கன்னாலே பாதி வேலை முடிஞ்சது."

பிறகு கலையரசனைப் பார்த்தார். "அப்பா குரல்தான் இவளுக்குப் பிடிச்ச பொம்மை. போனைக் குறைச்சுட்டு, முடிஞ்சா ஆளாவே வாங்க."

வீட்டுக்கு வந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. தலைமாட்டை மாற்றினால் குழந்தையின் தலை வடக்கே போகும்.

"வடக்கால தல வெக்கறதா? என் உசுரு கீற வரைக்கும் நடக்காது" என்று ஞானம்பாள் கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள். "டாக்டரு ஆயிரம் சொல்லட்டும். என் பேத்தி தல தெக்காலதான்."

ஜோதிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் கலையரசன் முந்திக்கொண்டான்.

"சரி அத்த. தலை தெக்காலயே இருக்கட்டும். படுக்கைய எதிர்ப்பக்கச் சுவத்தோரம் போட்டுட்டா, அவ இடது பக்கம் ரூமு பூரா வந்துடும்."

"அங்க பீரோ கீதே மாப்ள."

"பீரோவ இங்க நவுத்திடலாம்."

அந்த இரும்பு பீரோ ஞானம்பாள் கல்யாணத்துக்கு வந்தது. வந்த நாளிலிருந்து இடம் மாறாதது. கலையரசன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கால்களுக்கு அடியில் கோணியைச் செருகினான். தோளைக் கொடுத்துத் தள்ளினான். "ஐயோ, மாப்ள பீரோ தள்றாரு, சும்மா நின்னுகினு கீறியேய்யா!" என்று ஞானம்பாள் கத்த, காசிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு சீப்பும், ஜோதி பள்ளிக்கூடத்தில் தொலைத்த கொலுசும் கிடைத்தன. கொலுசைத் துடைத்து அவள் கையில் வைத்துவிட்டு அவன் மறுபடி தள்ளினான். தர்க்கம் பண்ணி ஜெயிக்க வேண்டிய இடத்தில் தோளைக் கொடுத்து ஜெயித்தவனை ஜோதி கண் கொட்டாமல் பார்த்தாள். அம்மாவும் தோற்கவில்லை, டாக்டரும் தோற்கவில்லை.

கடுகுத் தலையணையை ஞானம்பாளே பிரித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளைக்கு வைத்த சாம்பாரில் வெடித்தது அந்தக் கடுகுதான்.

குப்புறப் படுப்பதுதான் நடக்கவில்லை. பாயில் கவிழ்த்துப் போட்டவுடன் யாழ்மொழி ஊரைக் கூட்டினாள். "பொட்டப் புள்ளைய இப்படி அழ வுட்டுகினு வேடிக்க பாக்கறீங்களே" என்று ஞானம்பாள் ஓடி வந்து தூக்கிக்கொள்வாள். அந்தச் சாம்பார் ஞாயிற்றுக்கிழமை கலையரசன் நாற்காலியை விட்டு எழுந்தான். கூடத்தில் பாயை விரித்து மல்லாக்கப் படுத்தான். குழந்தையை வாங்கித் தன் நெஞ்சின் மேல் கவிழ்த்துக்கொண்டான்.

"மாப்ள தரையில படுக்கறதா? யாராச்சும் பாத்தா இன்னா நெனைப்பாங்க?" காசிநாதன் வாசற்கதவைச் சாத்தப் போனார்.

அதற்குள் குழந்தை முகத்தை அப்பாவின் நெஞ்சில் தேய்த்தது. அழவில்லை. மேலே எங்கிருந்தோ, "யாழு" என்று குரல் வந்தது. சின்னக் கழுத்து நடுங்கியது. தலை எழும்பியது. விழுந்தது. மறுபடி எழும்பியது. அப்பாவின் முகத்தைக் கண்டுபிடித்துவிட்டது. இந்த முறை வலது பக்கம் திரும்பித் தேடவில்லை.

"ஏய், கடலாமக் குஞ்சு மாரி தலைய தூக்குது பாருய்யா!" என்று ஞானம்பாள் கைதட்டினாள். காசிநாதன் சாத்தப் போன கதவை அப்படியே விட்டுவிட்டு வந்து குந்திக்கொண்டார்.

அதிலிருந்து கலையரசன் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கவில்லை. காலை ஷிப்டு இருக்கும் வாரங்களில், வேலை முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் திருக்கழுக்குன்றம், அங்கிருந்து நெரிசலில் தொங்கிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் என்று வந்துவிடுவான். வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு பாயில் படுப்பான். இடது பக்கம் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டுவான். தோளில் போட்டுக்கொண்டு, கடற்காற்று வரும் வாசலில் நடப்பான். இருட்டியதும் ஞானம்பாள், "தங்கிட்டுப் போங்க மாப்ள" என்பாள். "இல்லத்த, காலையில ஷிப்டு" என்பான் அவன். சொல்வதும் மறுப்பதும் இரண்டு பக்கத்து மரியாதை. மாமியார் வீட்டில் தங்கினான் என்று பேர் வாங்க எந்த ஆண்பிள்ளைதான் விரும்புவான்?

"மாப்ள தெனம் வர்றாரே, வேல போச்சான்னு டீக்கடையில கேக்கறானுங்க" என்றார் காசிநாதன் ஒரு நாள்.

"வேலைக்குத்தான் மாமா வரேன்னு சொல்லுங்க. இங்க மேனேஜரு ரொம்ப கறாரு, லேட்டா வந்தா கத்துறாங்க" என்று மகளைக் காட்டினான் அவன்.

செங்கல்பட்டு டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, "நல்லா வருது. காது வித்தியாசம் குறைஞ்சிருக்கு. விட்டுடாதீங்க, தவழ்ற வரைக்கும் இப்படியே பண்ணுங்க" என்றார். அந்தப் பாராட்டைக் கேட்ட கலையரசனின் முகத்தை ஜோதி பக்கவாட்டில் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். பேச்சுவாக்கில் அவன் சொன்னதும் நினைவுக்கு வந்தது. கூட வேலை செய்யும் சின்னையன் திருக்கழுக்குன்றத்தில் குடியிருக்கிறார், காலையில் கம்பெனி பஸ் அங்கேயிருந்துதான் புறப்படுகிறது. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கம்தானே அது என்று அவள் மனசு கணக்குப் போட்டது. வாய்தான் திறக்கவில்லை. மாப்பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள் என்று ஊர் சொன்னால் அப்பா தாங்குவாரா? அதைவிட, இவன் தாங்குவானா?

அந்த வியாழக்கிழமை அவன் வரும்போதே கண் சிவந்திருந்தது. அம்மா பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். வழக்கம்போல நெஞ்சின் மேல் குழந்தையைப் போட்டுக்கொண்டு, "அப்பாவப் பாரு, அப்பாவப் பாரு" என்று அவன் ஆரம்பித்ததைக் கேட்டுவிட்டு ஜோதி காபி கலக்கப் போனாள். பால் பொங்கும்போது கூடத்தில் பேச்சுச் சத்தம் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தாள்.

கலையரசன் தூங்கிப் போயிருந்தான். குழந்தையை அணைத்திருந்த கை நழுவித் தரையில் கிடந்தது. யாழ்மொழி அவன் விலாப் பக்கமாகச் சரிந்து, முகம் அவன் அக்குளுக்கும் பாய்க்கும் நடுவில் புதைய, கால்களை உதைத்துக்கொண்டிருந்தாள்.

ஜோதி எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாரி எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். குழந்தை ஒரு முறை மூச்சை இழுத்து வீல் என்று அழுதது. அந்த அழுகையைப்போல இனிமையான சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை.

கலையரசன் திடுக்கிட்டு எழுந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், காலியாக இருந்த தன் கையைப் பார்த்தான்.

"நான் தூங்கிட்டேனா?"

அவன் அசதி என்றோ, பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்றோ ஒரு சாக்கும் சொல்லவில்லை. குழந்தையின் பாதத்தை ஒற்றை விரலால் தொட்டான்.

அழுகை கேட்டு அம்மாவும் அப்பாவும் ஓடி வந்தார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டான்.

"இனிமே ஞாயித்துக்கெழம மட்டும் வரேன் ஜோதி. இப்படித் தூக்கக் கலக்கத்துல வந்தா எதையாவது பண்ணிடுவேன். நடுவுல போன்லயே பேசிக்கறேன். இடது பக்கமா வெச்சுக்க."

"இருட்டிகினு வருது, தங்கிட்டுப் போங்க மாப்ள" என்றாள் ஞானம்பாள், வழக்கமான குரலில்.

"இல்லத்த, காலையில ஷிப்டு" என்றான் அவனும், வழக்கமான குரலில்.

வாசற்படி வரை ஜோதி கூடவே வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவன், எப்போதும் கேட்பதைக் கேட்டான்.

"ஏதாச்சும் வேணுமா?"

அவள் தோளில் விசும்பி ஓய்ந்திருந்த குழந்தை, குரல் வந்ததும் தலையை எடுத்தது. அவன் நின்றிருந்தது அதற்கு இடது பக்கம். ஒரு கணம்கூடத் தயங்காமல், வேறெங்கும் தேடாமல், கழுத்தை இடது பக்கம் முழுக்கத் திருப்பி அவனைப் பார்த்துச் சிரித்தது. எத்தனை சாயங்காலங்கள் இவன் பாயில் கிடந்து பழக்கிய திருப்பம் அது! இதை மறுபடி பவுடர் டப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பதா?

பின்னால் அம்மா நிற்பது தெரிந்தது. ஈரத் துணியோடு அப்பா நிற்பதும் தெரிந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ எட்டிப் பார்ப்பதும் தெரிந்தது. இருக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"வேணுங்க" என்றாள் ஜோதி, எல்லோருக்கும் கேட்கும்படியாக. "பையை உள்ள கொண்டு வந்து வைங்க. எங்களைக் கூட்டிகினு போற நாள் வரைக்கும் நீங்களும் இங்கயே இருங்க. காலையில சின்னையன் அண்ணன் ஏறுற எடத்துலயே கம்பெனி பஸ்ஸுல ஏறிக்குங்க. போகாதீங்க."